சம்பளமா, சொந்த நிறுவனமா, நேயர் சந்தாவா? ஒரே பருவத்தில் பிரிந்துபோன டெக் பத்திரிகையாளர்கள்

2014 பிறந்தபோது அமெரிக்காவின் தொழில்நுட்பப் பத்திரிகை உலகில் பல தெரிந்த முகங்கள் ஒரே சமயத்தில் இடம் மாறின. வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் 1991 முதல் கணினிப் பத்தி எழுதிவந்த வால்ட் மாஸ்பெர்க், காரா ஸ்விஷருடன் சேர்ந்து வெளியே வந்து ரீகோட் என்ற தளத்தைத் தொடங்கினார். நியூயார்க் டைம்ஸில் 13 ஆண்டுகள் எழுதிய டேவிட் போக் யாஹூவுக்குப் போனார். அதே நியூயார்க் டைம்ஸுக்கு, தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட்டிலிருந்து மோலி வுட் வந்தார். இவர்கள் எல்லாரும் தாங்களாகவே கிளம்பியவர்கள். மோலி வுட்டோடு ஆண்டுக்கணக்கில் ஒரே நிகழ்ச்சியை நடத்திய டாம் மெரிட்டுக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை. அவர் வேலை பார்த்த ட்விட் என்ற பாட்காஸ்ட் நிறுவனம் (ட்விட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை) அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று 2013 டிசம்பரில் அறிவித்தது. அவர் அடுத்த வேலை தேடிப் போகவில்லை. ஜனவரியிலேயே டெய்லி டெக் நியூஸ் ஷோ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, கேட்பவர்களிடமே மாதச் சந்தா கேட்டார்.

ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தவர்கள், ஒரே பருவத்தில், நான்கு விதமாக முடிவெடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் எந்த முடிவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரிந்துவிட்டது. வேலையில் இருந்துகொண்டே "தனியாகப் போய்விடலாமா" என்று யோசிக்கும் எந்த டெக் எழுத்தாளருக்கும், தொகுப்பாளருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

பொதுவாக இந்தப் பாதைகளை வருமானத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது முதல் கேள்வியாகப் படவில்லை. எத்தனை பேர் மனம் மாறினால் உங்கள் நிகழ்ச்சி நின்றுபோகும்? ஒரே ஒரு மேலாளரா, ஒரு விளம்பரதாரரா, ஒரு தளத்தின் பரிந்துரை நிரலா, ஆயிரக்கணக்கான நேயர்களா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதையையும் பார்த்தால், வெளியிலிருந்து பாதுகாப்பாகத் தெரிவது பல நேரம் அப்படி இல்லை.

மெரிட்டிடமிருந்தே தொடங்குகிறேன். நிறுவனச் சம்பளம், நேயர் சந்தா என்று இரண்டு பாதையிலும் நடந்து பார்த்தவர் அவர்.

இல்லினாய் மாநிலத்தின் கிரீன்வில் என்ற சிற்றூரில் 1970இல் பிறந்தவர். உள்ளூர் வானொலியில் பாட்டுப் போட்டுப் பழகி, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த டெக்டிவியின் இணையப் பிரிவில் சேர்ந்தார். முழுக்க முழுக்கக் கணினியும் இணையமும் மட்டுமே பேசிய தொலைக்காட்சி அது.  2004இல் காம்காஸ்ட் நிறுவனம் டெக்டிவியை வாங்கித் தன்னுடைய வீடியோகேம் சேனலான ஜி4உடன் இணைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிதறிப்போனார்கள். மெரிட் சிநெட்டுக்குப் போனார். அங்கே 2005இல் தொடங்கிய பஸ் அவுட் லவுட் என்ற தினசரி பாட்காஸ்ட்தான் அவரை உலகம் முழுக்க அறிமுகம் செய்தது. பாட்காஸ்ட் என்றால் என்ன என்று பாதிப் பேருக்குத் தெரியாத காலம். செய்தியை வாசித்துவிட்டுப் போகாமல், இதனால் உனக்கு என்ன, எனக்கு என்ன என்று இரண்டு பேர் உட்கார்ந்து அலசும் பாணி அது. இன்றைக்கு எந்த மொழியில் டெக் பாட்காஸ்ட் கேட்டாலும் அதன் சாயல் தெரிகிறது.

2010இல் சிநெட்டை விட்டு, டெக்டிவி காலத்து சக ஊழியர் லியோ லபோர்ட் நடத்திய ட்விட்டுக்கு மாறினார். டெக் நியூஸ் டுடே என்ற தினசரி நிகழ்ச்சி. மெரிட் வசித்தது லாஸ் ஏஞ்சலஸில், ட்விட்டின் ஸ்டுடியோ இருந்தது வட கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில். செய்தி நிகழ்ச்சியை நடத்துபவர் ஸ்டுடியோவிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் 2013இல் லபோர்ட் வெளிப்படையாகச் சொன்ன காரணம். நிகழ்ச்சி மைக் எல்கனிடம் போனது.

இந்த மூன்று இடங்களிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. நிகழ்ச்சியின் பெயர், பழைய பதிவுகள், நேயர்களின் போனுக்குப் புது அத்தியாயத்தைக் கொண்டுசேர்க்கும் ஃபீட், எல்லாம் நிறுவனத்துடையவை. மெரிட் போன பிறகும் பஸ் அவுட் லவுட் 2012 வரை ஓடியது. டெக் நியூஸ் டுடேயும் அவர் இல்லாமல் தொடர்ந்தது. அவர் எடுத்துக்கொண்டு வந்தது தன் குரலையும், அந்தக் குரலைத் தேடி வரும் பழக்கம் உள்ள நேயர்களையும் மட்டும்தான். 2014இல் அது போதுமானதாக இருந்தது. ஆனால் அதைச் சேர்க்க அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன, அத்தனை ஆண்டுகளும் வேறொருவர் சம்பளத்தில்.

நிறுவனத்தில் இருப்பது

சம்பளம், மருத்துவக் காப்பீடு, விடுமுறை, பயணச் செலவு எல்லாம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். டெக் பத்திரிகையாளருக்கு அவற்றைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அது வழக்கறிஞர்.

2019 பிப்ரவரியில் கேசி நியூட்டன், தி வெர்ஜ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் ஃபேஸ்புக் பதிவுகளைச் சலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அரிசோனாவின் ஃபீனிக்ஸில் காக்னிசன்ட் நடத்திய அலுவலகம். நாள் முழுக்கக் கொலையும் வன்முறையும் நிறைந்த வீடியோக்களைப் பார்த்து மனம் உடைந்துபோனவர்கள், வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள், அவரிடம் பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் காக்னிசன்ட் அந்தத் தொழிலிலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. இப்படி ஒரு கட்டுரையை வீட்டு மேசையிலிருந்து ஒற்றை ஆளாக வெளியிட மிகுந்த துணிச்சல் வேண்டும். வரிக்கு வரி படித்துப் பார்க்க ஆசிரியர், சட்டச் சிக்கல் வந்தால் நிற்க ஒரு நிறுவனம், இரண்டும் பின்னால் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். 2016இல் செய்தித் தளங்கள் நடத்திய காக்கர் நிறுவனத்தின் மேல் 14 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. அந்த வழக்குக்குப் பணம் கொடுத்துவந்தவர் சிலிக்கான் பள்ளத்தாக்கின் முதலீட்டாளர் பீட்டர் தீல் என்பது தெரியவந்தபோது, பணக்கார டெக் உலகத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு படபடத்தது. காக்கர் திவாலானது.

ஆனால் அதே நிறுவனம் உங்கள் கையைப் பிடித்து இழுக்கவும் முடியும். 2013 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் சிநெட் ஆசிரியர்கள் டிஷ் நிறுவனத்தின் ஹாப்பர் என்ற வீடியோ பதிவுக் கருவியைச் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிநெட்டின் அன்றைய உரிமையாளர் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம். சிபிஎஸ்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் அந்தக் கருவி தொடர்பாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, விருது போனது. கிரெக் சாண்டோவல் என்ற மூத்த செய்தியாளர், இனி இங்கே ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தை நம்ப முடியாது என்று பகிரங்கமாகச் சொல்லி வேலையை விட்டார். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மதிக்க வேண்டிய ஆள் அவர்தான்.

உரிமையாளர் மாறிக்கொண்டே இருப்பது இன்னொரு தொல்லை. சிநெட்டை சிபிஎஸ் 2008இல் 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2020இல் ரெட் வென்ச்சர்ஸுக்குக் கைமாறியபோது விலை 50 கோடி. அந்த உரிமையாளரின் காலத்தில்தான் 77 நிதிக் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதவைத்து, 2023 தொடக்கத்தில் அவற்றில் 41க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. 2024இல் ஸிஃப் டேவிஸ் வாங்கியபோது விலை 10 கோடிக்குச் சற்று மேல். ஒரு செய்தியாளர் 2008இல் சேர்ந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்கூட, நான்கு முதலாளிகளைப் பார்த்திருப்பார். தப்பு அவருடையதாக இல்லாவிட்டாலும் தளத்தின் பெயர் கெட்டால் அவர் பெயரும் சேர்ந்து அடிபடும்.

யாஹூவுக்குப் போன போக்கின் கதை இதன் இன்னொரு வடிவம். 2014 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் யாஹூ தலைவர் மரிசா மேயர் யாஹூ டெக்கைப் பெரிய ஆரவாரத்தோடு அறிமுகம் செய்தார். 2016இல் யாஹூ தன்னுடைய டிஜிட்டல் இதழ்களை வரிசையாக மூட ஆரம்பித்தது, 2017இல் யாஹூவையே வெரைசன் வாங்கியது. போக் 2018இல் மறுபடி நியூயார்க் டைம்ஸில் எழுதத் தொடங்கினார். அவருக்குப் புத்தகங்களும் தொலைக்காட்சியும் இருந்ததால் பெரிய அடி இல்லை. ஒரு தலைமை நிர்வாகியின் ஆசையை நம்பித் தொடங்கிய இதழ், அந்த நிர்வாகியின் காலத்தைத் தாண்டி நிற்காது. பெரிய தொகை பேசி யாராவது புதிய பிரிவு தொடங்க அழைத்தால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

சொந்தமாக நிறுவனம் நடத்துவது

"என் முதலாளி நானே" என்று சொல்லும்போது எல்லாரும் மனதில் வைத்திருப்பது இந்தப் பாதையைத்தான். எனக்கு இதில்தான் அதிகத் தயக்கம்.

மாஸ்பெர்க், ஸ்விஷர் இருவருக்கும் இருந்த பெயர் சாதாரணமானதல்ல. 2007இல் ஸ்டீவ் ஜாப்ஸையும் பில் கேட்ஸையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர்கள். ரீகோட்டுக்கு என்பிசி யுனிவர்சல் போன்றவர்களின் முதலீடும் கிடைத்தது, மாநாட்டு வருமானமும் இருந்தது. அப்படியும் 2015 மே மாதம், தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில், ரீகோட் வாக்ஸ் மீடியா என்ற ஊடக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மாஸ்பெர்க் 2017இல் ஓய்வு பெற்றார். ரீகோட் என்ற பெயரும் பிற்பாடு வாக்ஸுக்குள் கரைந்துபோனது. ஸ்விஷர் பிழைத்த விதம் கவனிக்கத் தக்கது. அவர் தளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, பாட்காஸ்ட் பக்கம் நகர்ந்தார். வாக்ஸ், நியூயார்க் டைம்ஸ், மறுபடி வாக்ஸ் என்று வீடு மாறினாலும் அவர் குரல் மாறவில்லை.

லபோர்ட்டின் ட்விட் இதைவிட நீண்ட கதை. 2005 ஏப்ரலில் டெக்டிவி நண்பர்கள் கூடிப் பேசியதில் தொடங்கியது. விளம்பரம் வந்தது, நிகழ்ச்சிகள் பெருகின, 2011இல் பெட்டலூமாவில் பிரிக் ஹவுஸ் என்ற பெரிய ஸ்டுடியோ எழுந்தது. 2016இல் அதைவிடச் சிறிய இடத்துக்கு மாறினார்கள். பாட்காஸ்ட் விளம்பரச் சந்தை பெரிய நிறுவனங்கள் பக்கம் சாய்ந்தபோது, 2021இல் லபோர்ட்டும் கிளப் ட்விட் என்று மாதம் 7 டாலர் சந்தா ஒன்றை ஆரம்பித்தார். ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது, நிகழ்ச்சிகள் நின்றன. 2024 ஆகஸ்டில் ஸ்டுடியோவையே மூடிவிட்டு எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து பேசத் தொடங்கினார்கள்.

2013இல் மெரிட் ஸ்டுடியோவில் இல்லை என்பது பிரிவதற்குக் காரணமாக இருந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து ஸ்டுடியோவே இல்லை, சந்தாதான் தாங்கிப் பிடிக்கிறது. லபோர்ட் தவறான முடிவெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. 2013இல் கேமராவும் விளக்கும் மேசையும்தான் நம்பகமான செய்தி நிகழ்ச்சிக்கு அடையாளம் என்று பலரும் நம்பினார்கள், விளம்பரதாரர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் கட்டடம் கட்டினால் மாதா மாதம் அதற்குத் தீனி போட வேண்டும். அப்போது நிகழ்ச்சியை நடத்துபவர் கொஞ்சம் கொஞ்சமாக வாடகையையும் விளம்பர ஒப்பந்தத்தையும் கவனிக்கும் ஆளாக மாறிப்போகிறார். லபோர்ட்டுக்கு அந்த வேலையும் பிடித்திருந்தது, இருபது ஆண்டுகள் இத்தனை பேருக்கு வேலை கொடுத்தார், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உங்களுக்கு ஆட்களை வேலைக்கு எடுப்பதும், பிறகு ஒரு நாள் அவர்களை எதிரில் உட்காரவைத்து வேலை இல்லை என்று சொல்வதும் முடியாது என்றால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

யூட்யூப்

மார்க்கஸ் பிரவுன்லியைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளி மாணவராக 2009இல் வீடியோ போட ஆரம்பித்தவர், ஏறக்குறைய 2 கோடிப் பேர் சந்தாதாரர்களாக இருக்கும் சேனலுக்குச் சொந்தக்காரர். ஒரு விமர்சகரின் குரலுக்கு இவ்வளவு எடை இருக்க முடியும் என்பதை அவர்தான் காட்டினார். 2024இல் ஃபிஸ்கர் காரையும், ஹ்யூமேன் நிறுவனத்தின் ஏஐ பின் கருவியையும் தான் பார்த்ததிலேயே மோசமானவை என்று சொன்னபோது, ஒரு தனிமனிதர் இப்படி ஒரு நிறுவனத்தை அழிக்கலாமா என்று சிலர் கோபப்பட்டார்கள். ஃபிஸ்கர் ஜூனில் திவாலானது. ஹ்யூமேன் 2025 பிப்ரவரியில் எச்பியிடம் விற்கப்பட்டு, வாங்கியவர்களின் ஏஐ பின் எல்லாம் வேலை செய்யாமல் நின்றுபோனது. அவர் சொன்னது சரி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நீண்ட வீடியோக்களுக்கான விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. இது நல்ல பங்குதான். சிக்கல் வேறு இடத்தில். சந்தாதாரர் பட்டியல் உங்களுடையது அல்ல. அந்த 2 கோடிப் பேரில் ஒருவரின் மின்னஞ்சல்கூட உங்களிடம் கிடையாது. பரிந்துரை நிரல் மாறினால் உங்கள் வீடியோ அவர்கள் கண்ணில் படாமலே போகலாம். அப்புறம், வீடியோவுக்கு வருமானம் தரும் ஸ்பான்சர்களில் பாதிப் பேர் நீங்கள் விமர்சிக்க வேண்டிய அதே துறையில் இருப்பார்கள். பிரவுன்லி அளவுக்கு வளர்ந்தவர் ஒரு ஸ்பான்சரை வேண்டாம் என்று சொல்லலாம். 50,000 பேர் பார்க்கும் சேனலை நடத்துபவர் அப்படிச் சொல்ல எவ்வளவு தயங்குவார் என்பதை யோசித்துப் பாருங்கள். கருவிகளை மதிப்பிடுபவருக்கு இந்தத் தளம் வேண்டும், காட்டாமல் புரியவைக்க முடியாது. கொள்கை, சட்டம், தனியுரிமை என்று பேசுபவருக்கு இதை மட்டும் நம்புவது நல்லதல்ல.

நேயர் சந்தா

இனி மெரிட் எடுத்த முடிவு. ரசிகர்கள் படைப்பாளிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க உதவும் பேட்ரியான் தளம் 2013 மே மாதம்தான் தொடங்கியது. இசைக்கலைஞர்களை மனதில் வைத்து உருவான அந்தத் தளத்தில், தினசரி செய்தி நிகழ்ச்சி ஒன்றை நேயர் காசில் நடத்துவது அப்போது யாரும் பார்த்துப் பழகாத விஷயம். அமெரிக்காவில் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தனிநபர்கள் நோய் இருந்தாலும் காப்பீடு வாங்கலாம் என்ற ஒபாமா காலத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 1 அன்று. சுயதொழிலுக்கு மாறிய பல அமெரிக்கர்களின் துணிச்சலுக்குப் பின்னால் இந்தத் தேதி இருக்கிறது.

நிகழ்ச்சி நடந்த விதம் எளிமையானது. வார நாட்களில் தினமும் ஏறக்குறைய அரை மணி நேரம். ஸ்டுடியோ கிடையாது, விருந்தினர்கள் அவரவர் ஊரிலிருந்து இணைந்தார்கள். யார் காசில் இந்த நிகழ்ச்சி நடக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் சொல்லி, கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். ரோஜர் சாங், பிறகு சாரா லேன் என்று டெக்டிவி காலத்துத் தோழர்கள் சேர்ந்தார்கள். சந்தா கொடுப்பவர்களுக்கு, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் பேசுவதையும் சேர்த்து நீளமான பதிப்பு ஒன்று கிடைத்தது. 2024 ஜனவரியில் டெய்லி டெக் நியூஸ் ஷோ பத்து ஆண்டுகளை முடித்தது. ரீகோட், யாஹூ டெக், மெரிட் விட்டுவந்த டெக் நியூஸ் டுடே, மூன்றுமே அதற்கு முன்பே நின்றுவிட்டன.

சரி, கணக்கு என்ன? ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 3,000 பேர் மாதம் 5 டாலர் கொடுத்தால் 15,000 டாலர். இன்று புதிதாகச் சேரும் படைப்பாளிகளிடம் பேட்ரியான் 10 சதவீதம் எடுக்கிறது, அது 1,500. அட்டைக் கட்டணம் 2.9 சதவீதமும் ஒவ்வொரு தடவையும் 30 சென்ட்டும், அது சுமார் 1,335. கையில் 12,165 மிஞ்சும். தயாரிப்பாளர், துணைத் தொகுப்பாளர், நீங்கள் என்று மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 4,000 சொச்சம். அதில் அமெரிக்கச் சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி, காப்பீடு. லாஸ் ஏஞ்சலஸில் இது தாராளமான பணமே இல்லை. அதனால்தான் மெரிட் இந்த ஒன்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. பிரையன் பிரஷ்வுட்டுடன் கார்டுகில்லர்ஸ், வெரோனிகா பெல்மான்ட்டுடன் புத்தகங்களைப் பற்றிய ஸ்வோர்ட் அண்ட் லேசர் என்று பல நிகழ்ச்சிகள், கூடவே எழுத்து. சுதந்திரமாக இருப்பவர் நிறுவனத்தில் இருப்பவரைவிட அதிக நேரம் உழைக்கிறார் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இங்கேயும் ஒரு தளத்தின் பிடி உண்டு. 2017 டிசம்பரில் பேட்ரியான், கட்டணத்தைக் கொடுப்பவர் தலையில் வைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு டாலர் கொடுத்துவந்தவர் இனி 1.38 டாலர் கொடுக்க வேண்டும். சின்னத் தொகை கொடுப்பவர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். ஒரே வாரத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றது, ஆனால் போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. இது போதாதென்று, அட்டை காலாவதியாகி சத்தமில்லாமல் உதிர்பவர்கள் ஒவ்வொரு மாதமும் இருப்பார்கள். புது நேயர் வராமல் இருந்தால், யாரும் கோபித்துக்கொள்ளாமலே வருமானம் தேயும்.

இருந்தாலும் நான் முன்னால் வைத்த கேள்வியில் இந்தப் பாதைக்குத்தான் நல்ல பதில் இருக்கிறது. ஒருவர் விலகினால் 5 டாலர் போகும், நிகழ்ச்சி போகாது. ஃபீட் உங்களுடையது, பெயர் உங்களுடையது. ஆப்பிளையோ கூகுளையோ பற்றிக் கடுமையாகப் பேசிய அன்று, விளம்பரப் பிரிவிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கேசி நியூட்டன் 2020 இலையுதிர்காலத்தில் தி வெர்ஜை விட்டு, சந்தாச் செய்திமடல்களுக்கான சப்ஸ்டாக் தளத்தில் பிளாட்ஃபார்மர் என்ற செய்திமடலைத் தொடங்கினார். 2024 ஜனவரியில், நாஜி ஆதரவுச் செய்திமடல்களை சப்ஸ்டாக் கையாண்ட விதம் பிடிக்காமல் கோஸ்ட் என்ற தளத்துக்கு மாறினார். மொத்த வாசகர் பட்டியலும் கட்டண விவரங்களும் அவரோடு வந்தன, ஏனென்றால் சப்ஸ்டாக்கில் மின்னஞ்சல் பட்டியல் எழுத்தாளருடையது, பணம் வருவது ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் அவருடைய சொந்தக் கணக்குக்கு. தன் மனசாட்சிக்கு ஒத்துவராத இடத்திலிருந்து பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வெளியேற முடிந்தது. யூட்யூபில் இருந்தால் இது நடந்திருக்காது. பேட்ரியானில் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொருவரும் புது இடத்தில் அட்டை எண்ணை மறுபடி கொடுக்க வேண்டும், பலர் கொடுக்க மாட்டார்கள். நியூட்டன் இன்னொன்றும் செய்தார். 2022இல் நியூயார்க் டைம்ஸின் கெவின் ரூஸுடன் ஹார்ட் ஃபோர்க் பாட்காஸ்ட்டைத் தொடங்கினார். செய்திமடல் தன்னுடையது, பாட்காஸ்ட் ஒரு பெரிய நிறுவனத்துடையது. ஒன்று ஆடினால் இன்னொன்று தாங்கும்.

துறையை விட்டே போவது

இதையும் ஒரு முடிவாகவே கணக்கில் எடுக்க வேண்டும். டெக்டிவி தொகுப்பாளர் கெவின் ரோஸ் 2004இல் வாசகர்கள் வாக்குப் போட்டுச் செய்திகளை முன்னுக்குக் கொண்டுவரும் டிக் (Digg) தளத்தைத் தொடங்கி, பின்னாளில் கூகுளின் முதலீட்டுப் பிரிவுக்குப் போனார். வெரோனிகா பெல்மான்ட் தொகுப்பாளர் வேலையிலிருந்து மென்பொருள் நிறுவனங்களில் தயாரிப்பு மேலாளர் ஆனார். மோலி வுட் நியூயார்க் டைம்ஸில் அதிக நாள் இருக்கவில்லை. மார்க்கெட்பிளேஸ் வானொலியில் சில ஆண்டுகள் பேசிவிட்டு, 2021 கடைசியில் காலநிலைத் தொழில்நுட்பத்தில் முதலீடு செய்யப் போவதாக அறிவித்தார். காலநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது போதாது என்று அவருக்குத் தோன்றியது. அதை நான் மதிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: போகிறவர் போக வேண்டும். முதலீட்டாளராகவும் செய்தியாளராகவும் ஒரே நேரத்தில் இருப்பவரின் சொல்லை நேயர் நம்பக் கூடாது.

என் முடிவு

புலனாய்வு செய்பவர், ரகசிய ஆவணங்களோடு வேலை பார்ப்பவர் நிறுவனத்தை விடக் கூடாது. உரிமையாளர் மாறினால் வேறு நிறுவனத்துக்கு மாறட்டும், தனியாக நிற்க வேண்டாம். தனியாகத்தான் போவேன் என்றால் நியூட்டன் மாதிரி ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

விளக்கிச் சொல்வதில் திறமை உள்ளவருக்கு, தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பேசும் பொறுமை உள்ளவருக்கு, மெரிட்டின் பாதையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தினசரிச் செய்தி என்பது கூர்மையைவிடப் பழக்கத்தை வைத்து வாழும் தொழில். காலையில் காப்பி போடும்போது அந்தக் குரல் கேட்க வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள்தான் மாதம் 5 டாலர் கொடுப்பார்கள். பரபரப்புத் தலைப்புக்காக வருபவர்கள் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பெயர் தெரியாத நிலையில் முதல் நாளே சந்தா கேட்டு இறங்காதீர்கள். நான்கைந்து ஆண்டுகளாவது ஒரு நிறுவனத்தின் மைக்கில் பேசி, உங்கள் பெயரைச் சொல்லித் தேடுபவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. தொடங்கும்போதே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மைக் முன்னால் உட்கார இன்னொருவர் இருக்க வேண்டும். தினசரி நிகழ்ச்சியில் தனி ஆளாக நிற்பவர்கள் நேயர் குறைந்ததால் நிறுத்துவதைவிட உடம்பு முடியாமல் நிறுத்துவதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இப்போது வேலையில் இருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தை எடுத்து, நிகழ்ச்சியின் பெயர் யாருடையது, ஃபீட் யாருடைய கணக்கில் இருக்கிறது, விலகினால் எத்தனை மாதம் போட்டி நிகழ்ச்சி நடத்தக் கூடாது, பழைய பதிவுகளை வைத்துக்கொள்ளலாமா, கடைசி அத்தியாயத்தில் நேயர்களிடம் விடைபெற்று அடுத்து எங்கே போகிறேன் என்று சொல்ல அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள். கையெழுத்துப் போடும் நாளில் இவற்றைக் கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் பேசத் தயாராக இருக்கும். விலகும் நாளில் கேட்டால் வழக்கறிஞரிடம் போகச் சொல்வார்கள். கூடவே, உங்கள் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் பட்டியலை இன்றைக்கே தொடங்கி, மாதம் ஒரு கடிதமாவது அனுப்பி வாருங்கள்.